சிகரெட்தானே என்று விட்டுவிடலாமா?

குடும்ப நலம்

சென்ற மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல், நமது சங்கத்து வாசகசாலையில் அம்மையார் ஒருவர் வந்து அமர்ந்தார். மழை விட்டதும் பஸ் ஏறிச் செல்லக் காத்திருந்தார். அவருடைய கணவர் குடிநோய்க்காக இந்நகரத்துச் சிகிச்சை நிலையம் ஒன்றில் சேர்ந்து இருபது நாட்கள் ஆகியிருந்தன. அன்று பார்வையாளர் நாள். அம்மையாரின் மடியில் ஒரு துணிப்பை இருந்தது. துவைத்து மடித்த வேட்டி, துண்டு, ஒரு டப்பா முறுக்கு, எலுமிச்சை ஊறுகாய், ஊரிலிருந்து மாமியார் அனுப்பிய விபூதிப் பொட்டலம் ஆகியவை அதில் இருந்தன. அவற்றுக்கும் அடியில் செய்தித்தாளில் சுற்றிய இரண்டு பாக்கெட் சிகரெட்டுகள். பையை நகர்த்தியபோது அந்தப் பொட்டலம் நழுவித் தரையில் விழுந்தது. நமது பார்வை அதன்மேல் பட்டதைக் கண்டு, அவர் சற்றே நாணத்துடன் சொன்னார்:

“ஐயா, தவறாக எண்ணாதீர்கள். இருபது நாளாக அவர் ஒரு சொட்டும் தொடவில்லை. பதினான்கு வருஷமாகக் காணாத முகத்தை இப்போதுதான் காண்கிறேன். இந்த ஒன்றையும் பிடுங்கிக்கொண்டால் மனிதர் எதைக் கொண்டு நாளைக் கழிப்பார்? சிகரெட்தானே, போகட்டும் என்று நானே வாங்கிப் போகிறேன்.”

நமக்கு அப்பொழுது மறுமொழி ஏதும் தோன்றவில்லை. மழை விட்டது, அவரும் விடைபெற்றுச் சென்றார். ஆயினும் அவர் கேட்ட கேள்வி நம்மை விட்டுப் போகவில்லை. குடியையோ போதை மருந்தையோ விட முயலும் ஒருவரிடம் புகையையும் விடும்படி சொல்வது கருணையாகுமா, கொடுமையாகுமா? இதைப் பற்றி மருத்துவ உலகம் என்ன கண்டறிந்திருக்கிறது என்று தேடிப் பார்த்தோம். அறிந்ததை நேயர்களுடன் பகிர்ந்துகொள்வதே இம்மாதத்து இப்பகுதியின் நோக்கம். பிறந்த மண்ணை விட்டு வேற்றூரில் குடியிருக்கும் நம்மவர் இல்லங்களில் இந்தத் துன்பம் இல்லாமல் இல்லை. உறவினருக்குத் தெரிந்துவிடுமோ என்ற அச்சத்தில் அது பல வீடுகளில் கதவுக்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கிறது. ஆதலால் வெளிப்படையாகவே எழுதத் துணிந்தோம்.

முதற்கண் அந்த அம்மையாரைக் குறை கூற நமக்கு மனம் வரவில்லை. அவர் சொன்னது அவருடைய சொந்தக் கருத்தன்று. நெடுங்காலமாக மருத்துவர்களும் சிகிச்சை நிலையத்தாருமே சொல்லிவந்த கருத்து. ‘ஒரு நேரத்தில் ஒரு பழக்கம், முதலில் பெரியதை விடட்டும், சிறியதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்பதே உலகெங்கும் நடைமுறையாக இருந்துவந்தது. அமெரிக்காவில் 1935-ல் தோன்றிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்னும் தோழமைச் சங்கம் எண்ணற்ற குடிநோயாளரை மீட்டிருக்கிறது. இன்று நம் நாட்டிலும் பல நகரங்களில் அதன் கூட்டங்கள் நடைபெறுகின்றன. அந்நாளில் அச்சங்கத்துக் கூட்டங்கள் என்றால் காப்பியும் சிகரெட் புகையும் உடனிருக்கும் என்று சொல்லுமளவுக்கு, புகை அங்கே இயல்பான தோழனாக இருந்தது. அச்சங்கத்தை நிறுவிய இருவரில் ஒருவர் பில் வில்சன். குடியை 1934-ல் கைவிட்ட அவர், பின்னர் அதன் பக்கம் திரும்பவேயில்லை. ஆனால் சிகரெட்டை நெடுங்காலம் விட முடியாமல் தவித்தார். நுரையீரல் சிற்றறைகள் சிதைந்து மூச்சுக்கு ஏங்கும் எம்பிசீமா என்னும் நோய் அவரைப் பற்றியது, 1971-ல் மறைந்தார். குடியை வென்று, பிறரையும் வெல்லச் செய்த பெருமகனைக் கொண்டுபோனது, யாரும் பொருட்படுத்தாத அந்தச் சிறிய எதிரியே.

இது ஒரு மனிதரின் விதி என்று தள்ளிவிடலாமா? 1996-ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் ஓர் ஆய்வு வெளியாயிற்று. மின்னசோட்டா மாநிலத்தின் மேயோ மருத்துவ நிலையத்தில் 1972 முதல் 1983 வரை குடிக்கும் போதை மருந்துக்கும் உள்ளிருந்து சிகிச்சை பெற்ற 845 பேரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து பார்த்த ஆய்வு அது. அவர்களுள் 222 பேர் இறந்துபோயினர். மரணச் சான்றிதழ்களைப் புரட்டி எதனால் இறந்தனர் என்று கணக்கிட்டபோது, மதுவோடு தொடர்புள்ள நோயால் இறந்தவர் நூற்றுக்கு 34 பேர். புகையிலையோடு தொடர்புள்ள நோயால் இறந்தவரோ நூற்றுக்கு 51 பேர். சிகிச்சைக்கு வந்தது மதுவுக்காக; உயிரைக் கொண்டுபோனது பெரும்பாலும் புகையிலை. இக்கணக்கைப் படித்த பிறகு, “சிகரெட்தானே” என்ற சொல் நம் நாவில் எளிதாக வர மறுக்கிறது.

அங்ஙனமாயின் மதுவை ஒரு கண்ணாலும் புகையை மறு கண்ணாலும் நாம் ஏன் பார்க்கிறோம்? காரணம் விளங்காததன்று. குடித்தவன் தெருவில் விழுகிறான், சம்பளத்தைத் தொலைக்கிறான், வீட்டில் கை ஓங்குகிறான், குழந்தைகள் நடுங்குகின்றன. புகைப்பவன் இவற்றில் ஒன்றையும் செய்வதில்லை. சன்னலோரம் நின்று ஊதிவிட்டு வேலைக்குப் போகிறான். அவமானம் தராத நோயை நாம் நோயென்றே எண்ணுவதில்லை. அன்றியும் நமது அறநூல்களும் இதில் நமக்கு வழி சொல்லவில்லை. வள்ளுவப் பெருந்தகை கள்ளுண்ணாமைக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்தார். புகையிலையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. எப்படிச் சொல்ல இயலும்? அமெரிக்கக் கண்டத்துச் செடியான புகையிலை, போர்த்துக்கீசியர் கடல் கடந்து வந்த பின்னரே இந்நாட்டுக்கு வந்து சேர்ந்தது. வந்த பின்போ, பாட்டியின் வெற்றிலைப் பெட்டியிலும் தாத்தாவின் பொடி டப்பியிலும் மரியாதையாகவே இடம்பிடித்துக்கொண்டது. குடிக்கு நம் வீட்டில் வாசற்படியிலேயே தடை. புகையிலைக்குக் கூடத்தில் பாய். இந்த இரட்டை அளவுகோலைத்தான் சிகிச்சை நிலையத்துக்குள்ளும் நாம் எடுத்துச் செல்கிறோம்.

மருத்துவ உலகம் அவ்வாறு பிரித்துப் பார்ப்பதில்லை. உலக சுகாதார ஸ்தாபனம் வகுத்த நோய்ப் பட்டியலின் பத்தாம் பதிப்பில் மதுவால் வரும் கோளாறுகளுக்கு ‘எஃப் 10’ என்று எண். புகையிலையால் வருபவற்றுக்கு ‘எஃப் 17’. அபினும் கஞ்சாவும் கோகெயினும் அவ்விரண்டுக்கும் இடைப்பட்ட எண்களில் இருக்கின்றன. எல்லாம் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள். குடிப்பழக்கம் ஒழுக்கக்கேடன்று, சிகிச்சைக்குரிய நோய் என்ற உண்மையை நம் தமிழ்நாட்டில் பரப்பியவருள் முதன்மையானவர் திருமதி சாந்தி ரங்கநாதன். தம் கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த அவர், 1980-ல் சென்னையில் கணவர் பெயராலேயே சிகிச்சைக்கான அமைப்பொன்றைத் தொடங்கினார். குடியை நோயென்று ஏற்க நம் சமூகம் பழகிக்கொண்டுவிட்டது. புகையையும் அவ்வாறே ஏற்கும் அடுத்த படியில்தான் நாம் தயங்கி நிற்கிறோம்.

இவ்விரண்டு பழக்கங்களும் ஏன் பெரும்பாலும் சேர்ந்தே காணப்படுகின்றன? இருபது நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் திரட்டி 2016-ல் வெளியான ஒரு தொகுப்பின்படி, போதைச் சிகிச்சையில் இருப்போருள் நூற்றுக்கு 84 பேர் புகைப்பவர்கள். அவர்களோடு வயதும் பிறவும் ஒத்த பொதுமக்களிடையே அக்கணக்கு நூற்றுக்கு 31 மட்டுமே. புகையை உள்ளிழுத்த சில விநாடிகளுக்குள் நிகோட்டின் மூளையை அடைகிறது. அங்கே டோபமின் என்னும் பொருளைச் சுரக்கச் செய்து, மதுவும் அபினும் தட்டுகிற அதே இன்பக் கதவைத் தட்டுகிறது. அன்றியும் பல்லாண்டுகளாகக் கோப்பையும் சிகரெட்டும் ஒரே மேசையில் சேர்ந்திருந்தமையால், ஒன்றைக் கண்டால் மூளை மற்றொன்றைத் தேடுகிறது. சிகரெட்டைப் பற்றவைக்கும் ஒவ்வொரு முறையும் பழைய மேசையின் நினைவு சற்றே புரண்டு படுக்கிறது.

“புகைத்தால்தான் மனம் அமைதியாகிறது” என்று நோயாளர் சொல்வது பொய்யன்று. ஆனால் அந்த அமைதியின் வரலாறு வேறு. நிகோட்டின் உடலில் இரண்டு மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடும். குறைந்ததும் எரிச்சல், பதற்றம், கவனச் சிதறல் எல்லாம் வரும். அடுத்த சிகரெட் அவற்றைத் தணிக்கிறது. சென்ற சிகரெட் மூட்டிய தீயை இந்தச் சிகரெட் அணைக்கிறது. அணைத்ததற்கு நன்றியும் பெற்றுக்கொள்கிறது. குடியை விட்டவருடைய நரம்புகள் ஏற்கெனவே தளர்ந்திருக்கும் வேளையில் இந்தச் சுழற்சி நாள்தோறும் இருபது முறை நடப்பது அவருக்கு ஓய்வைத் தருமா என்பதை நேயர்களே எண்ணிப் பார்க்க வேண்டும்.

இரண்டும் சேரும்போது விளையும் கேடு, இரண்டின் கூட்டலைவிடப் பெரிது. வாய், தொண்டை, உணவுக்குழாய் ஆகியவற்றின் புற்றுநோயில் மதுவும் புகையும் ஒன்றையொன்று பெருக்கிக்கொள்கின்றன. மது உட்சவ்வின் காவலைத் தளர்த்திவிட, புகையின் நச்சுப் பொருள்கள் உள்ளே எளிதாக ஊடுருவுகின்றன. காசநோய் இன்னும் நீங்காத நம் நாட்டில், குடியும் புகையும் தனித்தனியாகவே அந்நோய்க்கு வழி திறப்பவை என்பதையும் மறக்கலாகாது. குடியை விட்டதால் ஈரல் தேறலாம். நெஞ்சும் நுரையீரலும் தேறுவதற்கு அது மட்டும் போதாது.

இனி அந்த அம்மையாரின் உண்மையான அச்சத்துக்கு வருவோம். “இதையும் பிடுங்கினால் மறுபடி குடிக்கப் போய்விடுவாரே!” இந்த அச்சத்தை எள்ளி நகையாடுவோர் குடிநோயாளரோடு ஒரு நாளும் வாழ்ந்திராதவர்கள். ஆகவே இதற்குக் கிடைத்துள்ள சான்றுகளை ஒளிவுமறைவின்றி வைக்கிறோம்.

2004-ல் அமெரிக்க ஆய்வாளர் மூவர், பத்தொன்பது சோதனைகளின் முடிவுகளைச் சேர்த்து ஆராய்ந்தனர். போதைச் சிகிச்சையின்போதே புகை விடவும் உதவி பெற்றவர்கள், மதுவிலிருந்தும் போதை மருந்திலிருந்தும் நெடுநாள் விலகியிருக்கும் வாய்ப்பு, அவ்வுதவி பெறாதவர்களைவிட நூற்றுக்கு 25 பங்கு கூடுதலாக இருந்தது என்று கண்டனர். 2016-ல் காக்ரேன் என்னும் மருத்துவ ஆய்வுக் குழுவினர் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் பங்குகொண்ட சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, புகை விடும் சிகிச்சை பலன் தருகிறது, அதனால் குடிவிலக்குக்குக் கேடு விளைந்ததாகச் சான்றில்லை என்ற முடிவுக்கு வந்தனர். 2017-ல் வெளிவந்த வேறோர் ஆய்வு, போதையிலிருந்து மீண்டவருள் புகைப்போரே, மூன்றாண்டு கழித்துப் பார்க்கையில், மீண்டும் போதையில் வீழ்ந்திருக்கும் வாய்ப்பு அதிகம் என்று காட்டிற்று.

மாறான சான்று ஒன்றும் உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. மின்னசோட்டாவில் குடிநோய்ச் சிகிச்சை பெற்ற 499 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு உடனேயும் மறு பிரிவினருக்கு ஆறு மாதம் கழித்தும் புகை விடும் சிகிச்சை அளித்தனர். 2004-ல் அதன் முடிவு வெளியாயிற்று. புகையை விட்டவர் தொகை இரு பிரிவிலும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. ஆனால் உடனே தொடங்கிய பிரிவினர் குடிவிலக்கில் சற்றுப் பின்தங்கினர். ஆதலின் எல்லோரும் முதல் நாளே இரண்டையும் ஒருங்கே விட்டாக வேண்டும் என்று ஆணையிடுவது சரியன்று. எந்த வாரத்தில் தொடங்குவது என்பதை நோயாளரும் அவருடைய மருத்துவரும் கூடி முடிவு செய்யட்டும். நாம் சொல்வது ஒன்றே: அந்தப் பேச்சை எடுக்காமலேயே அவரை வீட்டுக்கு அனுப்புவது கூடாது. தள்ளிப்போடுவது வேறு, கைவிடுவது வேறு. தவணை குறித்துத் தள்ளிப்போட்டால் அது சிகிச்சை. தவணையே இல்லையென்றால் அது கைவிடுதல்.

நம் நாட்டின் நிலை என்ன? மத்திய அரசினருக்காக அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தார் எடுத்து 2019-ல் வெளியிட்ட கணக்கின்படி, 10 முதல் 75 வயதுவரை உள்ள இந்தியருள் ஏறத்தாழ 16 கோடிப் பேர் மது அருந்துகின்றனர். மதுவுக்கு அடிமையானவருள் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் ஒரு சிகிச்சை பெற்றதாகச் சொன்னார். இத்தனை அரிதாக ஒருவர் சிகிச்சை நிலையத்தின் வாயிலை மிதிக்கும்போது, அந்த ஒரு வாய்ப்பில் பாதியை வீணாக்குவது எவ்வளவு பெரிய இழப்பு! புகையிலையைப் பொறுத்தவரை, 2016-17-ல் எடுத்த கணக்கில், 15 வயதுக்கு மேற்பட்டவருள் நூற்றுக்கு 28.6 பேர் ஏதோ ஒரு வடிவில் அதைப் பயன்படுத்தினர். அவற்றுள் மிகுதியாக வழங்கியது சிகரெட்டன்று, பீடியுமன்று; உள்ளங்கையில் சுண்ணாம்போடு கசக்கி உதட்டுக்குள் அடக்கும் கைனி. வடபுலத்து நகரங்களில் வாழும் நம்மவர் இதைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். சிகரெட்டைத் தடுத்ததும் சக நோயாளரிடமிருந்து கைனியைக் கற்றுக்கொண்டு, புகையில்லை என்பதால் தீங்கில்லை என்று எண்ணி வீடு திரும்புவோர் உண்டு. வாய்ப்புற்றுநோய்க்கு அது நேர்வழி.

பொது இடங்களில் புகைத்தலைத் தடுக்கும் சட்டம் 2003-ல் இயற்றப்பட்டு, அதற்கான விரிவான விதிகள் 2008 அக்டோபர் 2 முதல் நடைமுறையில் உள்ளன. மருத்துவமனைகளும் அவற்றுள் அடங்கும். ஆயினும் கொல்லைப்புறத்து மாமரத்தடி சில நிலையங்களில் விதிவிலக்காகிவிடுகிறது. ஒழுங்காக நடந்துகொண்டதற்குப் பரிசாகச் சிகரெட் தருவதும், ஊழியரே நோயாளரோடு நின்று புகைப்பதும் கேள்விப்படாதவை அல்ல. குடியை விட்டுத் தாமே ஆலோசகராகிய சிலர், புகையை மட்டும் விடாமல் இருப்பதும் இதற்கு ஒரு காரணம். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலம் 2008 ஜூலையில், தன் அனுமதி பெற்ற போதைச் சிகிச்சை நிலையங்கள் யாவும் புகையிலையற்றவையாக இருக்க வேண்டும் என்று விதித்தது. விதி நோயாளருக்கு மட்டுமன்று, ஊழியருக்கும் சேர்த்தே. ஊழியரின் சட்டைப் பையில் சிகரெட் இருக்கையில் நோயாளருக்கு உபதேசம் ஏறுமா?

இனி, இல்லத்தார் செய்யத்தக்கவை சிலவற்றைச் சொல்கிறோம்.

சேர்க்கும் அன்றே மருத்துவரிடம், “இவர் புகைக்கிறார், அதற்கும் இங்கே சிகிச்சை உண்டா?” என்று கேளுங்கள். எத்தனை சிகரெட், எத்தனை பீடி, கைனி உண்டா என்பதைக் கூசாமல் சொல்லுங்கள். நிகோட்டின் கலந்த மெல்லும் பசை, தோலில் ஒட்டும் பட்டை, வாரெனிக்ளின் போன்ற மாத்திரைகள் ஆகியவை விடுவோருக்குத் துணைசெய்யும். புப்ரோப்பியான் என்ற மருந்து மட்டும், குடியைத் திடீரென நிறுத்தியிருப்பவருக்கு வலிப்பைத் தூண்டக்கூடும். ஆதலால் அண்டைவீட்டார் சொன்னார் என்று மாத்திரை வாங்கித் தருதல் கூடாது.

புகையை விட்டதும் வேறு மருந்துகளின் வேலையும் மாறும். புகையிலுள்ள சில பொருள்கள் ஈரலைத் தூண்டி, ஓலான்ஸபின், க்ளோஸபின் போன்ற மனநோய் மருந்துகளை விரைவில் சிதைக்கச் செய்கின்றன. புகை நின்றால் அம்மருந்துகள் உடலில் கூடுதலாகத் தங்கும். அளவைக் குறைக்க நேரலாம். அதை மருத்துவரே செய்ய வேண்டும். நம் வீடுகளில் மறவாது கவனிக்க வேண்டியது காப்பி. காப்பியின் சத்தும் இதே வழியில்தான் உடலில் சிதைகிறது. புகையை விட்டவர் முன்போலவே நான்கு டம்ளர் டிகிரி காப்பி குடித்தால் அது ஏறத்தாழ எட்டு டம்ளர் குடித்தது போலாகி, படபடப்பும் தூக்கமின்மையும் வரும். அதைச் சிகரெட் இல்லாத குறை என்று அவர் எண்ணிவிடுவார். காப்பியைப் பாதியாக்குங்கள்.

முக்கியமான வேறுபாடு ஒன்றையும் மனத்தில் இருத்த வேண்டும். நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் மருத்துவ உதவியின்றித் திடீரென நிறுத்தினால் வலிப்பும் சித்தப்பிரமையும் உண்டாகி உயிருக்கே ஆபத்து நேரலாம். அதை வீட்டில் முயலவே கூடாது. புகையை நிறுத்துவதால் வரும் துன்பம் அத்தகையதன்று. அது முதல் சில நாட்களில் உச்சத்தை எட்டி, இரண்டு முதல் நான்கு வாரங்களுக்குள் பெரும்பாலும் தணியும். கடுமையானதுதான், ஆனால் கடக்கக்கூடியது.

கண்டிப்பும் ஏளனமும் உதவா. புகையை விட்டவர் ஒரு நாள் தவறி ஒன்றைப் பற்றவைத்துவிட்டால், “எல்லாம் போயிற்று, இனிக் குடியும் தொடங்கிவிடும்” என்று வீட்டில் ஒப்பாரி வைக்காதீர்கள். அந்தச் சொல்லே அவரைக் கடைக்கு அனுப்பிவிடும். புகை விடுவதில் முதல் முயற்சியிலேயே வென்றவர் சிலரே. மீண்டும் நாள் குறித்துத் தொடங்கினால் போதும். அவர் திரும்பி வருமுன் வீட்டிலுள்ள சாம்பல் கிண்ணத்தை எறிந்துவிடுங்கள். தம்பியும் மைத்துனரும் அவர் முன்னால் புகைப்பதை நிறுத்தட்டும். அவரோடு சேர்ந்து தாமும் விட்டால் அதைவிடச் சிறந்த உதவி வேறில்லை.

புகையிலையை விட விரும்புவோர்க்கு மத்திய அரசினர் 2016-ல் ஏற்படுத்திய கட்டணமற்ற தொலைபேசி எண் 1800-11-2356. தமிழிலும் பேசலாம். மொழி தெரியாத ஊரில் தம் துன்பத்தைத் தாய்மொழியில் சொல்ல ஓர் இடம் இருப்பது பெரிய ஆறுதல். மதுவுக்கும் போதை மருந்துக்குமான உதவி எண் 14446.

அந்த அம்மையாரைப் பற்றிச் சொல்லி முடிக்கிறோம். அறிந்தவற்றை அடுத்த வாரம் அவரிடம் சொன்னபோது, நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. “அவரைச் சந்தோஷப்படுத்த என் கையில் இருந்தது அது ஒன்றுதானே, ஐயா” என்றார். அந்தச் சொல்லில் பதினான்கு ஆண்டுகளின் களைப்பு இருந்தது. பிறகு அவரே மருத்துவரைக் கேட்டார். குடி நின்று ஆறாவது வாரத்தில் நாள் குறித்தார்கள். இடையில் ஒருமுறை தவறினார்; மீண்டும் தொடங்கினார். இப்பொழுது குடி நின்று ஐந்து மாதமும், புகை நின்று ஏழு வாரமும் ஆகின்றன. நாளை என்னவாகும் என்று யாரும் உறுதி கூற இயலாது. அவரும் அப்படிச் சொல்லிக்கொள்வதில்லை. சென்ற ஞாயிறு இருவரும் வாசகசாலைக்கு வந்தார்கள். மாடிப்படியில் ஏறி வந்தவர் மூச்சு வாங்காமல் நின்று, சுவரில் மாட்டியிருந்த நாட்காட்டியைப் பார்த்தார்.

நமது அன்பர்களில் யாருக்கேனும் இத்தகைய பார்வையாளர் நாள் வருமாயின், துணிப்பையில் வேட்டியும் முறுக்கும் விபூதியும் இருக்கட்டும். செய்தித்தாளில் சுற்றிய பொட்டலம் மட்டும் வேண்டாம். அதற்கு ஈடாக, மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றை மறவாமல் எடுத்துச் செல்லுங்கள் என்று வேண்டிக்கொள்கிறோம்.